ஏலக்காய்க்கு எதற்கு அந்தச் சான்றிதழ்?

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "மரபணுன்னா என்னடா, புது மருந்தா?"

எங்கள் ஊர் போடியில் மருந்து என்றால் ஏலச்செடிக்கு அடிப்பது. காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை. சித்தப்பாவுக்குப் பூப்பாறைக்கு மேலே நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். நாற்பது வருஷமாக முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் போய் வருகிறவர். கடிதம் எழுதியவர் சென்னையில் இயற்கை அங்காடி நடத்துகிறார். ஏலத்துக்குப் போகாமல் நேரடியாக ஐம்பது கிலோ காய் எடுத்துக்கொள்வாராம், விலையும் கூடுதலாகத் தருவாராம். ஒரே ஒரு நிபந்தனை. இந்த ஏலக்காய் மரபணு மாற்றம் செய்யப்படாதது என்று ஆய்வகச் சான்று வேண்டும். பொட்டலத்தின் மேல் அச்சடிப்பதற்கு.

மரபணு மாற்றிய ஏலக்காய் உலகத்தில் எங்கும் சாகுபடிக்கு வந்ததில்லை. இடுக்கியில் இல்லை, குடகில் இல்லை, நம்மைவிட அதிகம் விளைவிக்கும் குவாத்தமாலாவில் இல்லை. போடிக் கிணற்றில் திமிங்கலம் கிடையாது என்று தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இந்தச் சான்றும். தாசில்தார் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம், பொய்யும் இல்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்ததா என்ற கேள்வி அந்தக் கையெழுத்தால் தீர்ந்துவிட்டது என்று ஊர் நம்ப ஆரம்பித்தால், அங்கேதான் வம்பு.

அங்காடிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அவர் எழுதியது அவருடைய சொந்தக் கருத்தும் இல்லை. படித்த நடுத்தரக் குடும்பங்களில், வாட்ஸ்அப் குழுக்களில், மேடைகளில், ஏன், எங்கள் ஊர் டீக்கடையிலும் இன்று வேர் பிடித்துவிட்ட எண்ணம் அது. மரபணு மாற்றம்தான் இன்றைய உணவின் பெரிய விஷம்; பெரிதாக, பளபளப்பாக, விதையில்லாமல் இருப்பதிலெல்லாம் அது ஒளிந்திருக்கிறது; ஆய்வகத்தில் கொடுத்தால் பிடித்துவிடலாம்; அகப்படவில்லை என்றால் நல்ல சரக்கு. இந்த நாலும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. முதலாவதைப் பற்றி இரண்டு பக்கமும் நேர்மையாக வாதாட இடம் உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் தவறு. நாலாவது ஆளைக் கொல்லக்கூடியது.

பெரிதாக இருப்பதெல்லாம் மரபணு மாற்றம் என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். சித்தப்பாவின் தோட்டத்தில் நிற்பது ஞள்ளானி ரகம். பழைய காய்களோடு வைத்துப் பார்த்தால் பருமன் கூடுதல், பச்சை நிறமும் நன்றாக நிற்கும். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் ஞள்ளானியைக் கொண்டுவந்தது எந்தக் கம்பெனியும் இல்லை, எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தன் தோட்டத்தில் மற்றவற்றைவிடத் தனித்துத் தெரிந்த செடிகளைக் கண்ணில் வைத்து, தேர்ந்தெடுத்து, பக்கக் கன்று பிரித்துப் பெருக்கியது. தூரிலிருந்து கன்று, கன்றிலிருந்து தூர் என்று மலை முழுவதும் பரவியது. மகரந்தச் சேர்க்கை செய்வது தேனீ. சரம் சரமாகக் காய் கொட்டுவதற்குக் காரணம் ஒரு விவசாயியின் கண். தேனி மாவட்டத்திலிருந்து கப்பலேறும் ஜி9 வாழைக்கும் இதே பழி உண்டு. அது திசு வளர்ப்பில் பெருக்கிய கிராண்ட் நைன்; குடுவைக்குள் வளர்ந்தது என்பதைத் தவிர அதற்கும் பக்கக் கன்றுக்கும் வித்தியாசம் இல்லை. சிவப்புச் சதையுள்ள ரெட் லேடி பப்பாளி தைவானில் உருவான வீரிய ஒட்டு ரகம். விதையில்லாத திராட்சை இயற்கையிலேயே விதை முழுமையாக வளராமல் நின்றுபோவது. கம்பம் பன்னீர்த் திராட்சையில் விதையே இருக்கிறது, அதையும் விட்டுவைக்கவில்லை நம்மவர்கள்.

இதற்கெல்லாம் ஆய்வகம் தேவையில்லை. கேட்டால் சொல்ல வேளாண்மை தெரிந்த ஆள் ஒருவர் போதும்.

இப்போது மறுபக்கம். அங்காடிக்காரர் கடிதத்தின் கீழே அவர் கடையில் விற்கும் பாரம்பரியத் தின்பண்டங்களின் பட்டியலும் இருந்தது. நாலாவதாகப் பருத்திப்பால் பொடி.

மதுரையைச் சுற்றி வளர்ந்தவனுக்குப் பருத்திப்பால் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறப்போட்டு, ஆட்டி, பிழிந்து, அந்தப் பாலில் பச்சரிசி மாவு கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டி போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவல் தூவி, தள்ளுவண்டியில் சுடச்சுட ஊற்றிக் கொடுப்பார்கள். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று பாட்டி சொன்னாள். நான் இன்றும் குடிக்கிறேன்.

இந்தியாவில் இன்று விளையும் பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பி.டி. பருத்தி. 2002 மார்ச்சில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி கொடுத்த பயிர். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைப் புகுத்தி, காய்ப்புழு தின்றால் சாகும்படிச் செய்தது. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் இன்றுவரை அது ஒன்றுதான். அந்தப் பஞ்சிலிருந்து பிரித்த கொட்டையில் ஒரு பங்கு எண்ணெய் ஆலைக்குப் போகிறது, ஒரு பங்கு மாட்டுத் தொட்டிக்கு, ஒரு பங்கு பருத்திப்பால் வண்டிக்கு. (இலவம்பஞ்சுக்குப் பெயர்போன ஊர் எங்களுடையது, அதை இதோடு சேர்க்காதீர்கள், இலவு மரம் வேறு.)

ஆக ஒரு டம்ளர் பருத்திப்பாலை எடுத்துக்கொண்டால், அதில் மரபணு மாற்றம் இருக்கவே வாய்ப்பில்லாத பொருள் ஏலக்காய். இருப்பதற்குப் பெரும்பாலும் வாய்ப்புள்ள பொருள் பருத்திக்கொட்டை. சான்று கேட்கப்படுவது ஏலக்காய்க்கு. கொட்டைக்குப் 'பாரம்பரியம்' என்ற பெயரே சான்றாகிவிட்டது.

இதைச் சொன்னால் பருத்திப்பால் விஷம் என்று கிளப்பிவிடக் கூடாது. கொட்டையைக் காய்ச்சும்போது அந்தப் பூச்சிக்கொல்லிப் புரதம் சிதைந்துவிடும். பருத்திக்கொட்டையில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு: காசிப்பால் என்ற இயற்கை நஞ்சு. பாட்டி காலத்துக் கொட்டையிலும் இருந்தது, யாரும் புகுத்தியதில்லை. செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சுரப்பது. சூடு பட்டால் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்து வீரியம் குறையும். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீர்த்தி ரத்தோர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி, விதையில் மட்டும் காசிப்பால் மிகமிகக் குறையும்படி ஒரு பருத்தியை உருவாக்கி, 2018-இலும் 2019-இலும் அங்குள்ள அரசு அமைப்புகளின் ஒப்புதல் வாங்கினார். எப்படி உருவாக்கினார்? மரபணு மாற்றித்தான். அந்தக் கொட்டையையும் நம் ஊர்க் கொட்டையையும் மரபணுச் சோதனைக்குக் கொடுத்தால், நஞ்சு குறைந்ததும் மாட்டிக்கொள்ளும், குறையாததும் மாட்டிக்கொள்ளும். எது உடம்புக்கு ஆகும் என்று அந்தச் சோதனை சொல்லாது. அது கேட்கும் கேள்வியே வேறு.

அது என்ன கேள்வி? கொரோனா காலத்தில் மூக்கில் குச்சியை விட்டுத் திருகி எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். சோதனைதான் இதுவும். பொருளை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஒரு குறிப்பிட்ட துண்டு அதில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும். எந்தத் துண்டு என்று நாம்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாததை அது தேடாது. மரபணு மாற்றிய பயிர்கள் பலவற்றில் பொதுவாக வரும் துண்டுகள் இரண்டு. ஒன்று, காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த '35எஸ்'. புகுத்திய மரபணுவை வேலை செய்யவைக்கும் சுவிட்ச். மற்றொன்று 'நாஸ்', அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வந்த நிறுத்தற்குறி. முதல் கட்டச் சோதனை தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

காலிஃபிளவர், முட்டைக்கோஸ் வகையறாவில் அந்த வைரஸ் நோய் இயல்பாகத் தொற்றியிருந்தாலே 35எஸ் தெரியும். மரபணு மாற்றம் என்று அவசரப்பட்டு அறிவித்தால் பாவம், விவசாயி தலையில் விழும். இன்னொரு வேடிக்கை: நாம் பொங்கலுக்குப் படைக்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்கில் அக்ரோபாக்டீரியத்தின் டி.என்.ஏ. துண்டு இயற்கையாகவே குடியேறியிருக்கிறது என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். எந்த ஆய்வகமும் புகுத்தாமல், மனிதன் அதைப் பயிரிட்டு வந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதனுள்ளே இருப்பது. சூரியனுக்குப் படைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவா முடியும்?

'இருக்கிறது' என்பதற்கே இவ்வளவு விளக்கம் வேண்டியிருக்கிறது என்றால், 'இல்லை' இன்னும் சிக்கல். ஏலக்காய், மிளகு, கிராம்பு போன்ற சரக்குகளின் எண்ணெய்ப் பசையும் பாலிஃபீனால் பொருள்களும் பி.சி.ஆர். நொதியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். சுத்தமாகப் பிரித்தெடுக்கத் தெரியாத ஆய்வகத்தில் ஏலக்காயைக் கொடுத்தால் எதைத் தேடினாலும் 'இல்லை' என்றே வரும். அதனால்தான் நல்ல ஆய்வகம் முதலில் அந்தப் பொருளின் சொந்த மரபணு தெரிகிறதா என்று பார்க்கும். அது தெரிந்தால்தான் மற்ற 'இல்லை'க்கு மதிப்பு. அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கும் கடைக்காரர் எத்தனை பேர்? சாம்பிள் எடுப்பதிலும் கணக்கு உண்டு. ஒரு மூட்டையில் ஆயிரத்துக்கு ஒரு விதை கலந்திருந்தால், அதில் ஒன்றாவது நிச்சயம் சிக்கியிருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்ல, சுமார் 3000 விதைகளை எடுத்து அரைக்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி கவரில் போட்டு கூரியரில் அனுப்பினால் அது சோதனை இல்லை, சம்பிரதாயம்.

சோதனையே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேடுவதற்கு ஏதாவது இருக்கும் இடத்தில் அது வேலை செய்கிறது. 2001-இல், பி.டி. பருத்திக்கு அனுமதியே கிடைக்காத நேரத்தில், குஜராத்தில் காய்ப்புழு மற்ற வயல்களையெல்லாம் தின்றுகொண்டிருக்க, நவபாரத் 151 என்ற ரகம் மட்டும் தப்பி நின்றது. சந்தேகப்பட்டுச் சோதித்தார்கள், பி.டி. மரபணு இருந்தது. 2010 பிப்ரவரியில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தார், 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் அது திருட்டுத்தனமாக விளைந்திருப்பதைச் சோதனைதான் உறுதிசெய்தது. 2021-இல் இந்திய நொய்யரிசி மாவில் மரபணு மாற்றிய அரிசியின் தடயம் இருப்பதாக பிரான்ஸ் எச்சரிக்கை விட, ஐரோப்பாவில் ஒரு பெரிய மிட்டாய் கம்பெனி தன் சரக்கைத் திரும்ப எடுத்தது. நம் அரசு அதை மறுத்தது வேறு கதை. இந்த மூன்றிலும் முதலில் ஒரு காரணம் இருந்தது: தப்பி நிற்கும் பயிர், தடைசெய்த விதை, நுழைந்திருக்கக்கூடிய பாதை. ஏலக்காயில் பாதை எங்கே?

பாதை இருக்கும் இடத்தில் நம் கண் போகவில்லை. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018-இல் கடைகளில் வாங்கிய 65 உணவுப்பொருள்களைச் சோதித்தது. 32 விழுக்காட்டில் மரபணு மாற்றத் தடயம் இருந்தது. பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, உள்நாட்டில் சிக்கியது பருத்திக்கொட்டை எண்ணெய். மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் முகப்பில் 'ஜி.எம்.' என்ற எழுத்து இருக்க வேண்டும் என்று 2013 ஜனவரி முதல் சட்ட அளவையியல் விதி சொல்கிறது. பருத்திக்கொட்டை எண்ணெய் டின்னில் அந்த எழுத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் அதிர்ஷ்டசாலி.

எண்ணெயில்தான் இந்தச் சோதனை நம்பிக்கையின் அடித்தளமே ஆடுகிறது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் டி.என்.ஏ. மிச்சம் மிகக் குறைவு. சில டின்னில் சிக்கும், சிலவற்றில் சிக்காது. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் சோயா எண்ணெய் எந்தச் செடியிலிருந்து பிழியப்பட்டது என்பது ஊரறிந்தது. ஆனால் ஆய்வகத்தில் 'கண்டறியப்படவில்லை' என்று வர வாய்ப்பு நிறைய. 2021 ஆகஸ்டில் கோழித் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு வழிவிட்டது. அந்தத் தீவனம் தின்ற கோழி இட்ட முட்டையைச் சோதித்தால் சோயாவின் மரபணுவா வரும்? முட்டை முட்டையாகத்தான் இருக்கும். அந்த முட்டைமேல் 'ஜி.எம். இல்லாதது' என்று ஒட்டினால் ஆய்வக அறிக்கை துணைக்கு நிற்கும். உண்மை நிற்காது.

ஐரோப்பாக்காரன் இதை எப்போதோ புரிந்துகொண்டான். 2003-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டப்படி, எண்ணெயில் டி.என்.ஏ. துளிகூட மிஞ்சாவிட்டாலும், மரபணு மாற்றிய சோயாவிலிருந்து பிழிந்தது என்றால் லேபிளில் சொல்லியாக வேண்டும். எப்படித் தெரியும்? தாளால். விதை விற்றவன் கொடுத்த சீட்டு, விளைவித்தவன் கொடுத்த சீட்டு, கப்பலில் ஏற்றியவன், பிழிந்தவன் என்று ஒவ்வொரு கையும் அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டிய சீட்டு. சோதனைக் குழாய் அந்தச் சீட்டு பொய்யா என்று இடையிடையே உரசிப் பார்க்கும் உரைகல் மட்டும். நாம் உரைகல்லை வாங்கி வைத்துக்கொண்டு நகையை எங்கே வாங்கினோம் என்று கேட்க மறந்துவிட்டோம். 24 இறக்குமதிப் பயிர்களுக்கு மரபணு மாற்றமற்ற சான்று கட்டாயம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 ஆகஸ்டில் உத்தரவிட்டு, 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. ஒரு விழுக்காடு வரை தற்செயல் கலப்பு பரவாயில்லை. தானியமாக, காயாக, கனியாக வந்தால்தான் அந்த உத்தரவு. பிழிந்து வந்தால் இல்லை.

இனி வரப்போவதற்கு உரைகல்லும் உதவாது. 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, நம்மூரில் ஆந்திரா பொன்னி என்று வாங்கிச் சமைக்கிற பி.பி.டி. சம்பா மசூரியிலிருந்து வந்த 'கமலா'. மற்றொன்று 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1'. இரண்டும் மரபணு திருத்திய நெல். அயல் மரபணு எதையும் புகுத்தாமல் இருப்பதிலேயே ஒரு சிறு பகுதியை வெட்டித் திருத்தியவை. அவ்வகைப் பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான கட்டங்களிலிருந்து 2022 மார்ச்சிலேயே விலக்கு கொடுத்தாகிவிட்டது. 35எஸ்ஸும் இல்லை, நாஸும் இல்லை. அந்தத் திருத்தம் ஆய்வகத்தில் நடந்ததா, வயலில் தானாக நிகழ்ந்ததா என்று சோதனைக் குழாயால் பிரித்துச் சொல்ல இயலாது. அந்த நெல் நல்லதா கெட்டதா என்று நான் இங்கே தீர்ப்பு எழுதப்போவதில்லை. வேண்டாம் என்று நினைக்கிறவனுக்கு ஆய்வகம் துணை நிற்காது என்பதை மட்டும் சொல்கிறேன். விதைமூட்டையில் தொடங்கும் சீட்டு ஒன்றுதான் வழி. 'ஜி.எம். டெஸ்ட் செய்யப்பட்டது' என்ற லேபிளை நம்பிப் பழகியவர்கள் அந்த நெல்லை நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

சரி, மரபணுவை விடுங்கள். சித்தப்பா கேட்டாரே, புது மருந்தா என்று, அதற்கு வருகிறேன்.

காலை ஐந்து மணிக்குப் போடித் தெருக்களில் ஜீப்புகள் உறுமும். தூக்குச்சட்டியில் சோறு, இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. பெரும்பாலும் பெண்கள். மலையேறிக் காய் எடுத்து, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். ஏலச்செடிக்குத் தண்டுதுளைப்பான், இலைப்பேன் என்று எதிரிகள் வரிசையாக வருவதால் பருவத்தில் மருந்து அடிப்பது ஓயாது. காயின் மேல் சொறி விழுந்தால் ஏலத்தில் விலை விழும். அந்தச் சொறிக்குப் பயந்து அடிக்கிற மருந்துதான் அதிகம். அடித்த மறுநாள் அந்தப் பாத்தியிலேயே உட்கார்ந்து காய் பறிக்கிறார்கள். செடியைச் சோதிக்க ஆள் உண்டு, காயைச் சோதிக்க ஆள் உண்டு. பறிக்கிற கையின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராவது சோதித்ததை இத்தனை வருஷத்தில் நான் கண்டதில்லை. ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை அது. பி.சி.ஆரைவிட எளியது.

காயில் என்ன தங்குகிறது என்பதும் ரகசியம் இல்லை. 2018-ஐ ஒட்டி, பூச்சிமருந்து எச்சம் என்று சொல்லி சவுதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பத் தொடங்கியது. அந்த நாட்டுச் சந்தை அடைபட்டபோது இங்கே ஏல மையத்தில் முகங்கள் எப்படி இருந்தன என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் 14 வகைப் பூச்சிமருந்து எச்சம் வரம்பை மீறியிருந்ததாக அறிக்கை வர, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்து 65 ஆயிரம் டின் தேங்கிப்போயிற்று. வழக்குக்குப் பின்னால் ஏலக்காய் சப்ளையில் போட்டி இருந்தது என்பதும், 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது என்பதும் உண்மைதான். அதனால் அந்தப் பதினாலு பெயர்கள் இல்லை என்று ஆகிவிடாது. அதே 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தியாவில் பதிவாகாத பூச்சிமருந்துகளுக்கு மசாலாப் பொருள்களில் பொது வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 என்று பத்து மடங்கு தளர்த்தியது. அந்த வாரம் என் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் விதையில்லாத தர்ப்பூசணியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சை நிறம் கூட்டச் செயற்கைச் சாயம் ஏற்றிய ஏலக்காயும் சந்தையில் பிடிபடத்தான் செய்கிறது, அது சட்டவிரோதம். அதற்கும் மரபணுச் சோதனை 'இல்லை' என்றுதான் அறிக்கை தரும். சாயத்துக்கு ஏது மரபணு?

"சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு சோதனை கூடுதலாகச் செய்தால் என்ன நஷ்டம்? முன்ஜாக்கிரதைதானே?" இந்தக் கேள்விதான் எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. பதில் இரண்டு. முதலாவது காசு. மரபணுச் சோதனைக்கு ஒரு சாம்பிளுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், பூச்சிமருந்துச் சோதனைக்கும் ஆயிரக்கணக்கில் ஆகும். பெரிய ஏற்றுமதியாளர் இரண்டையும் செய்வார். நாலு ஏக்கர்க்காரர் ஒன்றைத்தான் செய்வார், வாங்குகிறவர் கேட்கிற ஒன்றை. அங்காடிக்காரர் கேட்டது எதை? இரண்டாவது, காசைவிடப் பெரிது: மனம். ஒரு பச்சை முத்திரையைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிற பழக்கம். பொட்டலத்தின் மேல் 'ஜி.எம். இல்லாதது' என்று எழுதியதும், உள்ளே குயினால்பாஸ் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்பவனைப் பார்த்து "அதுதான் சான்று இருக்கே" என்று சொல்லிவிடலாம்.

"அப்படியானால் நீ கம்பெனிக்காரன் ஆளா?" என்றும் கேட்பார்கள். இல்லை. 2006-இல் கோவைப் பக்கம் மரபணு மாற்றிய நெல்லின் சோதனை வயலை விவசாயிகள் பிடுங்கி எறிந்தபோது நான் அவர்கள் பக்கம்தான் மனதளவில் நின்றேன். தனக்குத் தெரியாமல் தன் வயலுக்குப் பக்கத்தில் எது விளைகிறது என்று கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு. தன் வாணலியில் எது கொதிக்கிறது என்று அறியச் சமைப்பவருக்கும் உரிமை உண்டு. லேபிள் வேண்டும். விதைச் சீட்டு வேண்டும். பி.டி. பருத்தியை வாழ்த்திப் பேசுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தைக் குறைக்க வந்த அந்தப் பயிரை இளஞ்சிவப்புக் காய்ப்புழு சில ஆண்டுகளிலேயே தின்னப் பழகிவிட்டது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபதுக்கு மேல் செத்தார்கள். பருத்தி வயலில். அங்கே மரபணு மாற்றிய செடி, இங்கே மரபணு மாறாத ஏலச்செடி. மருந்து டேங்க் இரண்டு தோளிலும் ஒன்றுதான்.

சித்தப்பா பதில் எழுதச் சொன்னார். நான் எழுதிய கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தது. ஏலக்காயில் மரபணு மாற்றுப் பயிர் என்று ஒன்று கிடையாது, ஆகவே அந்தச் சோதனையை நாங்கள் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. அந்தக் காசுக்குப் பூச்சிமருந்து எச்சச் சோதனை செய்திருக்கிறோம், முழு அறிக்கையும் இணைத்திருக்கிறோம். இரண்டு மருந்தின் எச்சம் வரம்புக்குள் இருக்கிறது, சுத்தமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். உங்கள் கடைப் பருத்திப்பால் பொடியின் கொட்டை எந்த ஊர் ஜின்னிங் மில்லிலிருந்து வருகிறது, எந்த விதை என்று தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

பதில் வரவில்லை. ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, சித்தப்பா காயை வழக்கம்போல ஏலத்துக்கு அனுப்பினார். நல்ல விலைக்கே போயிற்று. எடுத்த வியாபாரி அறிக்கை எதையும் கேட்கவில்லை. சாம்பிள் கவரைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, எட்டு மில்லி தேறுமா என்று விரலால் உருட்டிப் பார்த்தார், பச்சை நிற்குமா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு காயைக் கடித்துத் துப்பினார்.